கோபுர வேலைக்கு உங்கள் குணம் ஒத்துவருமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்து. பந்திக்குக் காத்திருந்தபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நீங்க ஏர்போர்ட் கோபுரத்துல வேலை பார்த்தவராமே. என் பையனுக்கு அந்த வேலை மேல ரொம்ப ஆசை. அமைதியான பையன், எதுக்கும் டென்ஷன் ஆக மாட்டான். சரிப்பட்டு வருமா?"

"மாமாக் கடையில தே ஓ கேட்டு, தே தாரிக் வந்துட்டா உங்க பையன் என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "பேசாம குடிச்சிட்டு வந்துடுவான்."

அப்படியென்றால் பையன் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்றேன். அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்கலாம். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக, அதாவது விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வழிநடத்துபவராக, சுபாங்கில் தொடங்கி, 1998இல் விமான நிலையம் சிப்பாங்குக்குப் போனபோது கூடவே போய், அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பயிற்சிக்கு வந்து தோற்றவர்களில் படபடப்பானவர்கள் குறைவு. அமைதியாக இருந்து, தப்பு என்று தெரிந்தும் வாய் திறக்காதவர்கள்தான் அதிகம்.

எஸ்பிஎம், எஸ்டிபிஎம், டிப்ளோமா என்று ஏதாவது ஒன்றை முடித்துவிட்டு, "இந்த வேலைக்குப் போகலாமா?" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில்: எந்த நாற்காலி?

கோபுரம் என்றால் எல்லாருக்கும் கண்ணாடி அறையும் தொலைநோக்கியும்தான் ஞாபகம் வரும். அது இந்த வேலையில் ஒரு பங்குதான். கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையையும் அதைச் சுற்றிப் பறப்பவர்களையும் பார்த்துக்கொள்கிறார். சிப்பாங்கின் கேஎல்ஐஏவில் மூன்று ஓடுபாதைகள். அங்குள்ள மேற்குக் கோபுரத்தின் உயரம் 133.8 மீட்டர். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஓடுபாதை ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கம் மலை, எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். ஓடுபாதை ஒன்றுதானே, வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். இறங்குபவரும் ஏறுபவரும் அந்த ஒரே பாதைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நாற்காலி அப்ரோச். இறங்க வருபவர்களை நாலு திசையிலிருந்தும் கூட்டிவந்து ஒரே வரிசையில் கோப்பது அவர் வேலை. மூன்றாவது ஏரியா. நடுவானில் பறந்துகொண்டிருப்பவர்களை ஜன்னல்கூட இல்லாத அறையில் திரையைப் பார்த்தே நடத்துபவர் அவர். ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரு விமானத்தைக்கூடக் கண்ணால் பார்க்க மாட்டார்.

எந்த நாற்காலியானாலும் காப்பாற்ற வேண்டியது இடைவெளியை. மேலும் கீழும் என்றால் பொதுவாக 1,000 அடி. ராடாரில் பக்கவாட்டு இடைவெளி நடுவானில் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்துக்கு அருகே 3. ஆனால் ஏ330 போன்ற கனமான விமானத்துக்குப் பின்னால் ஏ320 வந்தால் அந்த 3 போதாது, 5 வேண்டும். பெரியது விட்டுச் செல்லும் காற்றுச்சுழல் சின்னதைப் புரட்டிவிடும்.

கோபுர வேலை மதியம் ஒரு மணி நாசி கண்டார் கடை மாதிரி. ஆள் வர வரப் பார்த்து, கை நிற்காமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏரியா வேலை கல்யாணச் சமையல். பதினைந்து நிமிடம் கழித்து எந்த இரண்டு பேர் ஒரே இடத்தில் சந்திப்பார்கள் என்று இப்போதே கணக்குப் போட வேண்டும். ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதில் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் தோற்றவர் மொத்த வேலைக்கும் லாயக்கில்லாதவர் என்று நான் நினைப்பதில்லை.

அடுத்து: உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன். மற்றதெல்லாம் படித்தால் வந்துவிடும்.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு ஒரு சரக்கு விமானம் வந்துகொண்டிருந்தது. ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747. கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். அதை அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார்: "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ." முதலில் வந்த 'டூ' இரண்டு என்ற எண். விமானத்தில் இருந்தவர்கள் அதை 'வரை' என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். 400 அடி வரை இறங்கு! பதிலுக்கு "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றும் சொன்னார்கள். அந்தப் பதிலை யாரும் திருத்தவில்லை. விமானத்துக்குள் தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கை ஒலித்தும் பயனில்லாமல் போனது. பூச்சோங் பக்கம் ஒரு குன்றில் மோதி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்" என்று சொல்வதுதான் முறை. பூச்சோங் பக்கம் காரில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இதில் தப்பு ஒருவருடையது மட்டும் அல்ல. நமக்கு வேண்டியது அந்தப் பதில் என்ற பகுதி. விமானி நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வதை ரீட்பேக் என்போம். அதைக் காது கொடுத்துக் கேட்பதில்தான் ஒரு கட்டுப்பாட்டாளரின் குணம் தெரியும். மாமாக் கடையில் ஆர்டர் எடுப்பவர் "தே ஓ ஐஸ் சத்து, தே தாரிக் குராங் மானிஸ் டுவா" என்று கத்துவார். தேநீர் கலக்குபவர் முதுகைக் காட்டிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வார். நல்ல ஆளாக இருந்தால் ஆர்டர் எடுத்தவர் அது காதில் விழும் வரை நகர மாட்டார். மற்றவர் கத்திவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அடுத்த முறை கடையில் உட்காரும்போது கவனியுங்கள்.

நானும் இதில் சறுக்கியவன்தான். பயிற்சியில் இருந்தபோது ஒரு விமானத்துக்கு 5,000 அடி கொடுத்தேன். விமானி "ஃபோர் தௌசண்ட்" என்றார். நான் அடுத்த விமானத்தைக் கூப்பிடப் போய்விட்டேன். பின்னால் நின்ற பயிற்றுநர் என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, தானே பேசித் திருத்தினார். ஷிஃப்ட் முடிந்ததும் திட்டவில்லை. "என்ன கேட்டுச்சு உனக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நிஜமாகவே 'ஃபைவ்' என்றுதான் கேட்டிருந்தது. நான் எதிர்பார்த்தது காதில் விழுந்திருக்கிறது, அவர் சொன்னது விழவில்லை. "அவர் 'ஃபோர்' என்று சொல்லவே இல்லை" என்று நான் சாதித்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்று பிறகு சொன்னார்.

ஆக, உங்களிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: தப்பைச் சுட்டிக்காட்டினால் உடனே ஒப்புக்கொள்வீர்களா, காரணம் தேடுவீர்களா? காரணம் தேடும் அந்த நேரத்தில் 480 நாட், அதாவது மணிக்கு 480 கடல் மைல், வேகத்தில் போகும் விமானம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் கடந்துவிடும்.

இரண்டாவது கேள்வி நம் வீடுகளுக்கே உரியது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, எதிர்த்துக் கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதில் குறையில்லை. ஆனால் இந்த வேலையில் 23 வயதுப் பெண் ஒருத்தி, முப்பது வருடம் பறந்த கேப்டனிடம் "நெகட்டிவ்", அதாவது 'இல்லை', என்று தயங்காமல் சொல்ல வேண்டும். புரியவில்லையென்றால் "சே அகெய்ன்" என்று கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டும் புரியவில்லையென்றால் இன்னொரு தடவையும் கேட்க வேண்டும். குரலில் கோபமும் கூடாது, கெஞ்சலும் கூடாது. தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அறிவில் எந்தக் குறையும் இருக்காது, தொண்டையில் மரியாதை வந்து அடைத்துக்கொள்ளும்.

வாய் திறப்பது எப்போது என்பதும் முக்கியம். 2014 மார்ச் 8 அதிகாலை 1:19க்கு எம்எச்370 கோலாலம்பூர்க் கட்டுப்பாட்டிடம் கடைசியாகப் பேசிவிட்டு வியட்நாமின் ஹோ சி மின் கட்டுப்பாட்டுக்கு மாற வேண்டியிருந்தது. மாறவில்லை. எங்கே அந்த விமானம் என்று ஹோ சி மின் பக்கத்திலிருந்து கேள்வி வந்தபோது மணி 1:39. இரு பக்கமும் அவசரநிலை நடைமுறைகளை உரிய நேரத்தில் தொடங்கவில்லை என்று 2018இல் வெளியான விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அந்த விமானத்துக்கு என்ன ஆனது என்பது வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை. "ஏதோ சரியில்லையே" என்று தோன்றும்போது, இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று இருந்துவிடும் சுபாவம் நம் எல்லாரிடமும் உண்டு. அதை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவது, "போதும், இதற்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த நேரம், அந்த வானத்தைப் பார்த்துக்கொண்ட சூரிக்கில் ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தானே சமாளிப்பேன் என்கிற வீராப்பு வீட்டில் நல்ல பெயர் வாங்கித் தரலாம். எங்கள் அறையில் அதற்கு மரியாதை இல்லை.

மறதியும் வேண்டும். ஆமாம், மறதிதான். பத்து நிமிடத்துக்கு முன் ஒரு விமானத்தைக் கொஞ்சம் அசிங்கமாகத் திருப்பினீர்கள், ஆபத்து ஒன்றுமில்லை. அதையே மனத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் இப்போது பேசுபவர் காதில் விழ மாட்டார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க உங்களால் முடியுமா? அம்மாவிடமோ தங்கையிடமோ கேளுங்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் சலிப்பு. பரபரப்பான நேரத்தில் எல்லாரும் விழிப்பாகத்தான் இருப்பார்கள். விடியற்காலை மூன்றரை மணிக்கு, திரையில் இரண்டே இரண்டு விமானம் நகரும்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் சோதனை. கணினி விளையாட்டில் கில்லாடி என்று வருபவர்கள் நிறைய. கைவேகமும், ஒரே நேரத்தில் பலவற்றைப் பார்க்கும் கண்ணும் அவர்களுக்கு உண்டு. ஆனால் எதுவுமே நடக்காத ஒரு மணி நேரம் அவர்களில் பலரைக் கொன்றுவிடும்.

வழியிலேயே செய்யக்கூடிய பயிற்சி

காசு செலவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் முன்னால் நிற்கும் காரின் எண் பலகையை வானொலி முறையில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லாக, படியுங்கள். சிலாங்கூர் கார் என்றால் பிராவோ, பினாங்கு என்றால் பாப்பா, பேராக் என்றால் ஆல்ஃபா, கேஎல் கார் விஸ்கி அல்லது விக்டர். எண்களில் மூன்று 'ட்ரீ', ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. ஒரு மாதத்தில் யோசிக்காமலே வரும்.

எதிர்த்திசைக் கணக்கு இன்னொன்று. ஓடுபாதையின் பெயர் அதன் திசையைப் பத்தால் வகுத்து வருவது. 140 பாகைக்கு எதிர்த்திசை என்ன? 180 கூட்ட வேண்டாம். முதல் இலக்கத்தில் 2 கூட்டு, இரண்டாவதில் 2 கழி: 320. கேஎல்ஐஏவில் ஒரு பக்கம் 14, மறுபக்கம் 32. பினாங்கில் 04: பூஜ்யத்தில் 2 கூட்டி, நான்கில் 2 கழித்தால் 22. சில எண்களுக்குத் தலைகீழாக, முதலில் கழித்துப் பிறகு கூட்ட வேண்டும். 33க்கு எதிர் 15. இதை எல்ஆர்டியில் நின்றுகொண்டே போட்டுப் பாருங்கள், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது. அமைதியான அறையில் போட்டால் அது வெறும் கணக்கு.

வேகக் கணக்கும் அப்படித்தான். 300 நாட் என்றால் நிமிடத்துக்கு 5 கடல் மைல். 35 மைல் தள்ளி இருப்பவர் எத்தனை நிமிடத்தில் வருவார்? பேனாவைத் தேடினீர்களென்றால் இன்னும் பழக வேண்டும்.

ஆங்கிலம்

அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோலில் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு பகுதி. ஆறில் எது மட்டமோ அதுதான் உங்கள் நிலை. ஐந்தில் பிரமாதமாக இருந்து உச்சரிப்பில் 3 வாங்கினால் மொத்தமும் 3. நிலை 4 என்றால் 3 வருடத்துக்கு ஒரு முறை, 5 என்றால் 6 வருடத்துக்கு ஒரு முறை மறு தேர்வு.

தமிழ்ப்பள்ளியில் படித்தேன், ஆங்கிலம் எப்படி வரும் என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: வெள்ளைக்காரர் மாதிரிப் பேச யாரும் கேட்கவில்லை. கொரியக்காரருக்கும் அரபுக்காரருக்கும் புரிந்தால் போதும். நம்மிடம் இருக்கும் குறை வேகம். நிமிடத்துக்கு 100 சொல்லுக்கு மேல் போகாமல் பேசச் சொல்கிறது விதி. நம் ஆட்கள் அதைப் பாதி நிமிடத்தில் முடித்துவிடுவோம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். வாக்கியத்தின் கடைசியில் வரும் 'லா'வையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

உடம்பு

மூன்றாம் வகை மருத்துவச் சான்று வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் தடையில்லை, போட்ட பிறகு பார்வை சரியாக இருந்தால் சரி. நிறக்குருடு இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்னாலேயே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். எத்தனையோ பையன்களுக்கு அன்றுதான் முதல்முறையாகத் தெரிகிறது. காது சோதனையும் உண்டு. அனைத்துலக விதிப்படி 40 வயது வரை சான்று 48 மாதம் செல்லும், 40ஐத் தாண்டினால் 24, 50ஐத் தாண்டினால் 12.

சர்க்கரை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த அனைத்துலக விதிப்படி, இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சான்று கிடைக்காது. நம் குடும்பங்களில் சர்க்கரை எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ஷிஃப்டுக்கு நான்கு தே தாரிக் குடித்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். குராங் மானிஸ் கேட்டுப் பழகுங்கள்.

விண்ணப்பமும் பயிற்சியும்

மலேசியாவில் இந்த வேலை சிஏஏஎம் என்கிற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் வருகிறது. 2018க்கு முன் டிசிஏ என்ற அரசுத் துறையாக இருந்தது. என் வயதுக்காரர்கள் இன்னும் டிசிஏ என்றுதான் சொல்வோம். ஆள் எடுக்கும் விளம்பரத்தை அதன் சொந்தத் தளத்தில் பாருங்கள். கேட்கும் பாடங்களும் தேர்ச்சியும் அதிலேயே இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் இடம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நேர்முகத்தில் "விமானம் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர்" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் செய்த ஒரு தப்பு, அதை யார் கண்டுபிடித்தது, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று சொல்ல ஒரு சொந்தக் கதை தயாராக வைத்திருங்கள். கடையில் பகுதிநேரம் வேலை பார்த்தபோது நடந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

உள்ளே போனதும் முதலில் வகுப்பு: விதிகள், வானிலை, வானூர்தி இயல், பேசும் முறை. பிறகு சிமுலேட்டர். அங்கே விமானங்களை வேண்டுமென்றே உங்கள் தலையில் கொட்டுவார்கள். திணற வைத்துப் பார்ப்பதுதான் நோக்கம், அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகுதான் நிஜ நாற்காலி. பின்னால் பயிற்றுநர் நிற்பார், அவர் எந்த நொடியிலும் குறுக்கே பேசலாம். உலக விதிப்படி உரிமத்துக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கோபுர ரேட்டிங்குக்கு, அதாவது அந்த நாற்காலியில் தனியாக உட்காரும் தகுதிக்கு, குறைந்தது 90 மணி நேரம் அல்லது ஒரு மாதம், அப்ரோச், ஏரியா என்றால் 180 மணி நேரம் அல்லது மூன்று மாதம், எது அதிகமோ அது, மேற்பார்வையில் வேலை பார்த்திருக்க வேண்டும். இது அடிமட்டக் கணக்கு. நிஜத்தில் இதற்கு மேலேயே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரேட்டிங் அந்தந்த இடத்துக்கு மட்டும்தான். கேஎல்ஐஏவில் பத்து வருடம் இருந்தவர் பினாங்குக்கு மாற்றலாகிப் போனால் அங்கே மறுபடி பயிற்சியாளர்தான். அவருக்குச் சொல்லித் தருபவர் அவரைவிடச் சின்னப் பையனாகக்கூட இருக்கலாம். அதைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ள முடியுமா என்பதையும் யோசித்து வையுங்கள்.

வீட்டில் பேச வேண்டியது

ஷிஃப்ட் வேலைக்கு நாள் கிழமை தெரியாது. தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே ஷிஃப்டுக்குப் போயிருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் குடும்பமே இருக்கும், நான் ஹெட்செட்டோடு இருப்பேன். பினாங்கில் இருந்தால் தண்ணீர்மலைக் காவடியும் அப்படித்தான் தவறிப்போகும். மலாய் நண்பரோடு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, ஹரி ராயாவுக்கு அவருக்குத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். எப்போதும் அது கைகூடாது. கல்யாணம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

தூக்கத்துக்கு இருட்டான ஓர் அறை ஏற்பாடு செய்யுங்கள், கெட்டியான திரைச்சீலை போதும். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் சிப்பாங்கிலிருந்து எலிட் நெடுஞ்சாலையில் கிள்ளானுக்கு வண்டி ஓட்டும்போது கண் சொருகும். எனக்கு ஒரு முறை சொருகியிருக்கிறது, சாலையோரக் கோட்டின் தடதடப்பில்தான் விழித்தேன். அதிலிருந்து, கிளம்பும் முன் காரிலேயே அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வேன். நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் ஏழரை மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும்.